டெண்டர் போடாமல் விட்டால் பங்கு கைமாறிவிடும்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். இவற்றின் வாசலைக் கடக்கும்போதெல்லாம், 'இங்கே நம்மிடம் யார் சரக்கு வாங்கப் போகிறார்கள்' என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. வாங்கித்தான் ஆக வேண்டும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். 2012-இல் வந்த கொள்முதல் ஆணையில் 20 ஆக இருந்ததை 2018-இல் உயர்த்தினார்கள். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் தொழில்களுக்கு. 3 சதவீதம் பெண்களின் தொழில்களுக்கு.

அந்த 4 சதவீதத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு உரிய நாம் டெண்டருக்கே வராவிட்டால், அந்தப் பங்கை மற்ற சிறு தொழில்களிடம் வாங்கி இலக்கை நிரப்பிக்கொள்ளலாம். நமக்காக யாரும் எடுத்து வைத்துக் காத்திருக்க மாட்டார்கள்.

விலையில் தோற்றுவிடுவோம் என்ற பயம் இருக்கும். ஒரு ஜோடி கையுறைக்குப் பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகிறது, நீங்கள் 114 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 15 சதவீதத்துக்குள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு, 100-க்குத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். சரி என்றால், ஆர்டரைப் பிரிக்க முடிகிற டெண்டரில் 25 சதவீதம் வரை உங்களுக்கு வரும். உங்களைப் போல இன்னும் சிலர் இருந்தால் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டெண்டர் படிவத்துக்குக் காசில்லை, டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம்.

ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை பத்துப் பேரை வைத்துக் கையுறை தைக்கிறார். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவைச் செய்துகொடுத்த இடத்தில் 'வியாபாரம்' என்று போட்டுவிட்டார்கள். வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021-இல் அவர்களை உத்யமில் சேர்த்தது வங்கிக் கடனுக்காக மட்டும்தான். முன்வைப்புத் தொகை கட்டவில்லை என்று டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். இரவெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்த பெண் அவர். ஒரு சொல்லால் வெளியே நின்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பணம். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது. 'கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும்' என்று பயந்து வாய்மூடி இருக்கிறவர்களே அதிகம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள் என்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஓர மேசையில் இருப்பேன். உத்யம் சான்றிதழைப் போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள். 'உற்பத்தி' என்றோ 'சேவை' என்றோ இருக்கிறதா, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். தப்பாக இருந்தால் இணையத்திலேயே திருத்தலாம், கட்டணம் கிடையாது.