வேரா மென்சிக்கும் நம் ஊர் நூலகமும்

(மாணவிகளுக்கான சதுரங்கப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நடுவர்களாக நின்றுகொண்டே இருக்கும் ஆசிரியர்களே, பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று ஆடிய மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். வணிகர் சங்கத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. மண்டபம் மட்டுமல்ல, இன்று மேசைகளில் இருந்த சதுரங்கக் கடிகாரங்களும் அவர் வாங்கிக் கொடுத்தவைதான். அவருக்கும், சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்ற அவர் துணைவியாருக்கும் நம் எல்லோருடைய நன்றி.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நடந்த சதுரங்கப் போட்டிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, உலகப் பட்டம் கைமாறிய கதை. இரண்டு, நிம்சோவிச், ரேட்டி போன்ற ஆட்டக்காரர்கள் ஆட்டத்தைப் பற்றிய பழைய எண்ணங்களை எப்படி மாற்றினார்கள் என்பது. மூன்றாவது, பெண்கள்.

1927இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் உலக சாம்பியன் கேபபிளாங்காவும் ரஷ்யாவில் பிறந்த அலெகினும் பட்டத்துக்காக மோதினார்கள். கியூபாக்காரரான கேபபிளாங்கா 1916 முதல் 1924 வரை ஒரு போட்டி ஆட்டத்தில் கூடத் தோற்காதவர். அலெகின் அதற்கு முன்பு அவரை ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. மொத்தம் 34 ஆட்டங்கள், அவற்றில் 25 சமன். கடைசியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அலெகின் பட்டத்தைப் பறித்தார். யானைக்கும் அடி சறுக்கும். என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழி இல்லாமல் நான் சதுரங்கம் பேசியதே கிடையாது. எட்டே வருஷத்தில் அலெகினுக்கும் சறுக்கியது. 1935இல் அவரைத் தோற்கடித்த மாக்ஸ் யூவே யார் தெரியுமா? ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார்! இங்கே இருக்கும் கணக்கு ஆசிரியர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

சரி, நிம்சோவிச், ரேட்டி கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மூன்றாவது செய்திக்கு, பெண்களில் பெரிய ஆட்டக்காரரான வேரா மென்சிக்குக்கு வருகிறேன். 1906இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா செக் நாட்டுக்காரர், அம்மா ஆங்கிலேயர். ஒன்பது வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த ஆட்டம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு வாழ்க்கை தலைகீழாகி, 1921இல் அம்மாவோடும் தங்கை ஓல்காவோடும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் சரியாக வராத வயசுப் பெண். ஆனால் அந்த ஊரில் ஒரு சதுரங்கக் கிளப் இருந்தது. 1882இல் தொடங்கியது. அங்கே போய் உட்கார்ந்தார். ஹங்கேரியின் பெரிய ஆட்டக்காரர் மரோட்சி அவருக்குப் பாடம் சொன்னார். 1927இல் லண்டனில் பெண்களுக்கான முதல் உலகப் பட்டப் போட்டி நடந்தபோது ஜெயித்தவர் இந்தப் பெண்தான்.

இப்போது 1929க்கு வாருங்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் கார்ல்ஸ்பாட் என்று ஓர் ஊர். வெந்நீர் ஊற்றுகளில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பணக்காரர்கள் வரும் இடம். அங்கே உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கூடினார்கள். கேபபிளாங்கா இருக்கிறார், நிம்சோவிச் இருக்கிறார், யூவே இருக்கிறார். 22 பேரில் ஒரே ஒரு பெண், வேரா. வியன்னாக்காரர் ஆல்பர்ட் பெக்கருக்கு இது பிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரு கேலி செய்தார்: ‘வேரா மென்சிக் கிளப்’ என்று ஒன்று ஆரம்பிப்போம், அவரிடம் தோற்கிறவர்கள் எல்லாம் அதில் உறுப்பினர்! கூடியிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். வேரா என்ன பதில் சொன்னார்? பலகையில்தான் சொன்னார். பெக்கரும் அவரும் மோதிய நாளில் பெக்கர் தோற்றார். கிளப்பை ஆரம்பித்தவரே முதல் உறுப்பினர்! (கைதட்டல்)

கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அதே போட்டியில் சேமிஷ் என்ற ஜெர்மன்காரரோடு ஆடும்போது கேபபிளாங்கா தொடக்கத்திலேயே தவறான காய் நகர்த்தி, ஒரு காயை இழந்து, ஆட்டத்தையும் இழந்தார். யானைக்கும் அடி சறுக்கும். அந்த சேமிஷை வேரா ஜெயித்தார்! மாணவிகளே, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் போட்டியில் வேரா வாங்கியது 3 புள்ளிதான், கடைசி இடம். பதினேழு ஆட்டம் தோற்றார். ஆனாலும் மறுபடி மறுபடி அந்த ஆண்களோடு போய் உட்கார்ந்தார். பின்னாளில் அந்தக் கிளப்பில் சேர்ந்தவர்கள் யார்? கணக்கு வாத்தியார் யூவே, அதுவும் இரண்டு முறை. அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கி. நம் துணைக்கண்டத்தின் சுல்தான் கான். பெண்களுக்கான உலகப் பட்டப் போட்டிகளில் 1927 முதல் 1939 வரை வேரா ஆடியது 83 ஆட்டங்கள். 78 வெற்றி, 4 சமன், ஒரே ஒரு தோல்வி.

சுல்தான் கான் பெயரைச் சொல்லிவிட்டேன், அவர் கதையையும் சொல்ல வேண்டும். பஞ்சாபி. உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழாரின் தயவில் இங்கிலாந்துக்குப் போனவர். 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸில் கேபபிளாங்காவையே ஜெயித்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது இங்கேயும் பொருந்தும். அதே நிலக்கிழாரின் வீட்டில் இருந்த பாத்திமா என்ற பெண், 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். அப்புறம்? நிலக்கிழார் ஊருக்குத் திரும்பினார், அவர்களும் திரும்பினார்கள். இருவரும் அதன் பிறகு சர்வதேசப் போட்டி எதிலும் ஆடவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது. வேராவுக்கு ஹேஸ்டிங்ஸில் ஒரு கிளப் இருந்தது, யார் ஊரை விட்டுப் போனாலும் அது திறந்திருக்கும். பாத்திமாவுக்கு இருந்தது ஒரு தனி மனிதரின் தயவு.

இதனால்தான், உறுப்பினர் அம்மா அவர்களே, போன வருஷம் கேட்டதையே இந்த மேடையிலும் கேட்கிறேன். நம் ஊர் கிளை நூலகத்தில் ஒரு சதுரங்க அறை வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் பிள்ளைகள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து ஆட ஓர் இடம். நாம் எல்லோரும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பின்பக்கத்து அறை பழைய நாற்காலிகள் போட்டுவைக்கத்தான் இப்போது பயன்படுகிறது. பையன்கள் டீக்கடை வாசலிலும் கோயில் திண்ணையிலும் பலகை போட்டு ஆடிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? விஸ்வநாதன் ஆனந்த் சிறு வயதில் போய் ஆட சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கிளப் இருந்தது. திறமை மட்டும் போதாது, போய் உட்கார ஒரு மேசை வேண்டும்.

1944இல் லண்டன் வீட்டின் மேல் விழுந்த ஜெர்மன் பறக்கும் குண்டில் வேரா, அவர் தாய், தங்கை மூவரும் இறந்தார்கள். வேராவுக்கு 38 வயது. நாடுகளின் அணிகள் மோதும் பெண்கள் சதுரங்க ஒலிம்பியாட்டில் தங்கம் வெல்லும் அணிக்குத் தருவது அவர் பெயரிலான கோப்பை. 2022இல் மாமல்லபுரத்தில் நம் பெண்களுக்குக் கிடைத்தது வெண்கலம். 2024இல் புடாபெஸ்டில் அந்தக் கோப்பையையே வாங்கினார்கள், சென்னையின் வைஷாலியும் அந்த அணியில் இருந்தார்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் ஜாடை காட்டுகிறார். நூலக அறைக்கான விண்ணப்பம் பரிசு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தை உறுப்பினர் அம்மா போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்கள் பெயரோடு பிள்ளை படிக்கும் வகுப்பையும் எழுதுங்கள், எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று நகராட்சிக்குத் தெரியட்டும். நன்றி, வணக்கம்.