வாசல்ல கிடந்த பார்சல்: பொம்மைகள் கொல்ல வர்ற ஒரு கிறிஸ்மஸ் படம்

(திரையில்: இருட்டு வீடு. கிறிஸ்மஸ் மரத்து சீரியல் லைட் மட்டும் எரிகிறது.)

ராத்திரி தூக்கம் வராம கீழே இறங்கி வர்றான் சின்னப்பையன் டெரெக். வாசல்ல ஒரு பரிசுப்பொட்டி, அவன் பேர் போட்டு. ஆசையா பிரிக்கப் போறான். அதுக்குள்ள அப்பா வந்து, "இந்த நேரத்துல என்னடா, போய்ப் படு"ன்னு விரட்டிட்டு, தானே பிரிச்சுப் பார்க்கறாரு. உள்ளே இருக்கற உருண்டை பொம்மைக்கு கை முளைச்சு, அவர் கழுத்தை நெரிக்குது. மாடிப்படியில நின்னு அத்தனையும் பார்த்த பையனுக்கு, அன்னைக்கு நின்னதுதான் பேச்சு.

1991-ல நேரா வீடியோ கேசட்டா வந்த "சைலன்ட் நைட், டெட்லி நைட் 5: தி டாய் மேக்கர்" படம் இப்படித்தான் தொடங்குது. முடிவு வரைக்கும் சொல்லப்போறேன். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

(திரையில்: 1984, தியேட்டர் வாசலில் பதாகைகளோடு பெற்றோர்கள்.)

முதல் படம் 1984 நவம்பர் 9-ல அமெரிக்காவுல வந்துச்சு. கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துல ஒருத்தன் கோடாலியோட ஆளுங்களைக் கொல்றான். டிவியில அந்த விளம்பரத்தைப் பார்த்த பெத்தவங்க கொதிச்சுப்போய் தியேட்டர் வாசல்ல மறியல் பண்ணாங்க. படத்தை வெளியிட்ட டிரைஸ்டார் கம்பெனி முதல்ல விளம்பரத்தை நிறுத்திச்சு, அப்புறம் படத்தையே எடுத்துடுச்சு. கண்டனம் எழுதினவங்கள்ல மிக்கி ரூனியும் ஒருத்தர். சின்ன வயசுலேயே ஹாலிவுட் நட்சத்திரமானவர். இதை எடுத்தவங்களை ஊரைவிட்டே துரத்தணும்னு கடுமையா எழுதினாரு.

ஏழு வருஷம் கழிச்சு, இந்த அஞ்சாவது பாகத்துல பொம்மைக்கடைக்காரரா நடிச்சிருக்கறது அதே மிக்கி ரூனி! எழுபது வயசைத் தாண்டிட்டாரு. ஆனாலும் ஏனோதானோன்னு நடிக்கல. அவர் வர்ற ஒவ்வொரு காட்சியிலயும் ஒரு கிழவனோட கோபமும் துக்கமும் கண்ணுல தெரியுது.

அவர் பாத்திரத்தோட பேர் ஜோ பெட்டோ. மகன் பேர் பினோ. மரப்பொம்மை பினோக்கியோவும் அவனைச் செதுக்கின கெப்பெட்டோவும் ஞாபகம் வர்றாங்களா? கதையோட சாவியை பேர்லயே வெச்சுட்டாங்க.

நடுவுல பொம்மைகள் பண்ற அட்டகாசத்தை வேகமா சொல்லிடறேன். புழு மாதிரி ஒரு பொம்மை, கார் ஓட்டிட்டு இருக்கற ஒரு வீட்டு ஓனரோட வாய் வழியா உள்ளே போய் கண் வழியா வெளியே வருது. டெரெக் தூக்கிப் போட்ட பரிசை எடுத்துக்கிட்ட பக்கத்து வீட்டுப் பையன், ராக்கெட் வெச்ச ஸ்கேட்டிங் சக்கரத்தை மாட்டிக்கிட்டு கார்ல அடிபடறான். பிள்ளையைப் பார்த்துக்க வந்த பொண்ணையும் அவ காதலனையும் பொம்மைச் சிப்பாய்கள் சூழ்ந்துக்குது.

இதுல என்னை உறுத்தறது எது தெரியுமா? வாசல்ல வந்த ரெண்டு பார்சலும் டெரெக்குக்கு வந்தது. அது இன்னொருத்தர் கைக்குப் போய் அவங்களைப் பதம் பார்க்குது. ஆபத்து எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அந்தப் பையன். ஆனா அவன் பேச மாட்டான். பொம்மையைக் கண்டு அவன் பின்வாங்கறதை, அப்பா போன துக்கம்னு நினைக்கறா அம்மா சாரா.

(திரையில்: புழு பொம்மை, நெருக்கக் காட்சி.)

அந்தப் புழுவைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எதுவும் இல்ல, எல்லாம் கையால செஞ்சது. ஸ்க்ரீமிங் மேட் ஜார்ஜ்னு பேர் வெச்சுக்கிட்ட ஜப்பானியக் கலைஞரோட வேலை. பட்ஜெட் கம்மிதான், அது தெரியவும் செய்யுது. ஆனா கடையில வாங்கற பொம்மையும் மலிவான பிளாஸ்டிக்தானே? அந்த மலிவே இங்க நம்பகத்தைக் கொடுக்குது. பளபளன்னு எடுத்திருந்தா இந்த அருவருப்பு வந்திருக்காது.

இயக்குநர் மார்ட்டின் கிட்ரோசர். "ஃப்ரைடே தி தர்ட்டீன்த்"ங்கற திகில் பட வரிசையில மூணாம் பாகத்தோட எழுத்தாளர்கள்ல ஒருத்தர். தயாரிப்பாளர் பிரையன் யூஸ்னாவோட சேர்ந்து இந்தக் கதையை எழுதினாரு.

இப்போ கிளைமாக்ஸ். டெரெக்கைக் கடத்திட்டுப் போனது கிழவர் இல்ல, பினோ. அவன் மனுஷனே இல்ல. பெட்டோவோட கர்ப்பிணி மனைவி கார் விபத்துல செத்துப்போக, பிறக்காம போன பிள்ளைக்குப் பதிலா அவர் செஞ்ச பொம்மை. ஆனா என்ன செஞ்சாலும் "நீ என் பிள்ளை ஆக முடியாது"ங்கற வெறுப்புதான் அவனுக்குக் கிடைச்சுது. அவனுக்கு வேண்டியது ஒரு அம்மா. சாராவை அம்மாவாக்கிக்கணும்னா அவ பிள்ளை இருக்கக்கூடாது. வாசல்ல வந்த பார்சலுக்கு அதுதான் காரணம்.

இது தெரிஞ்சதுக்கு அப்புறம், கிழவர் ஆத்திரத்துல பினோவை அடிக்கற காட்சியை மறுபடி போட்டுப் பாருங்க. முதல் தடவை, வளர்ந்த மகனை அடிக்கற ஒரு குடிகாரர் மாதிரிதான் தெரிவாரு. ரெண்டாவது தடவை, தான் கையால செஞ்ச பொருள் தன் பிள்ளையா மாறலையேன்னு அதை அடிச்சுட்டு, அது அசையாம கிடக்கறதைப் பார்த்து உடைஞ்சு அழற ஒரு தகப்பன் தெரிவாரு.