மூன்று மட்டை போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிபாளையத்தில் பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று இருப்பது கோவை வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். அதெல்லாம் மில் முதலாளிகள் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லி ஒதுங்கிப் போகிறவர்களும் இங்கே பலர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே நாற்பது வயதுக்கு மேல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவன் நான். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்கிறது விதி. அது மேல்வரம்புதானே ஒழிய, இத்தனை இருந்தாக வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கோல்ஃப் வீரர் செவே பாயெஸ்தெரோஸ் சிறுவனாக இருந்தபோது, தன் ஊர்க் கடற்கரை மணலில் மூன்றாம் எண் அயர்ன் என்னும் இரும்புத் தலை மட்டை ஒன்றை வைத்துக்கொண்டே பழகினார். பின்னாளில் உலகின் பெரும் போட்டிகளான பிரிட்டிஷ் ஓப்பனை 3 முறையும் மாஸ்டர்ஸை 2 முறையும் வென்றார். நம் நாட்டில் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர், டெல்லியில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்த கேடி. 2009-இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவரே.

ஆகவே ஏழாம் எண் அயர்ன், மணல் பள்ளத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கும் சாண்ட் வெட்ஜ், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் புட்டர் ஆகிய மூன்றை மட்டும், அதுவும் பிறர் ஆடி முடித்த பழைய மட்டைகளாக வாங்குங்கள். நான் விலை மலிவு என்று ஒரு முழு செட்டையே வாங்கிவிட்டேன். அதன் தண்டுகள் எல்லாம் விறைப்பானவை. வேகமாக வீசுகிறவர்களுக்கே பொருந்தும் அந்தத் தண்டோடு ஓராண்டு போராடினேன், பந்து மேலே எழும்பவே இல்லை. தண்டில் ஒட்டியிருக்கும் பட்டையில் எஸ் என்ற எழுத்து இருந்தால் விறைப்பு, ஆர் என்று இருந்தால் நடுத்தரம் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வாங்குமுன் தண்டை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து வளைவு இருக்கிறதா என்று கவனியுங்கள். கைப்பிடி ரப்பர் நம் ஊர் வெயிலில் இறுகி வழுக்கலாம்; அதற்காக நல்ல மட்டையைத் தள்ளிவிட வேண்டாம், ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மிச்சமான பணத்தில் பயிற்சியாளர் ஒருவரிடம் நான்கைந்து வகுப்புகளாவது போய்வாருங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். மட்டையைப் பிடிக்கும் முறை தவறாகப் படிந்துவிட்டால், கிரிக்கெட் ஆடிப் பழகிய கைகளுக்கு அது எளிதில் படியும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

பயிற்சிக்கு வேண்டியவை நம்மைச் சுற்றியே கிடைக்கின்றன. ஒரு சாக்கில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை இறுக அடைத்து, சுவரோரம் வைத்து, ஏழாம் எண் அயர்னால் மெதுவாக அடித்துப் பாருங்கள். மட்டை சாக்கில் பட்டு நிற்கும் அந்தக் கணத்தில் அப்படியே அசையாமல் நின்று, கைகள் மட்டையின் தலையைவிடச் சற்று முன்னால் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம். வீட்டுத் தரையில் ஒரு தம்ளரைச் சாய்த்து வைத்துப் புட்டரால் பந்தை உருட்டுங்கள். மைதானத்துக் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். தம்ளர் வாய் அதைவிடக் குறுகலானது என்பதால், அதில் பழகிய கண்ணுக்குக் குழி அகலமாகத் தெரியும்.

காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், உடையவர்கள், மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கும் இடத்தில் பழகலாம். மழைக்குப் பிறகு தரை இளகியிருக்கும் நாளில் மட்டை பட்ட வெட்டு நன்றாகத் தெரியும். பந்து இருந்த இடத்தைத் தாண்டி, அடித்த திசைப் பக்கம் வெட்டு விழுந்திருந்தால் அடி சரி. பந்துக்குப் பின்னால் விழுந்திருந்தால் முதலில் மண்ணைத்தான் அடித்திருக்கிறோம். பெயர்ந்த புல்லை மறக்காமல் திரும்ப அழுத்தி வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பந்தின் எடை 46 கிராமுக்குள்தான் என்றாலும், அது ஆளையோ மாட்டையோ தாக்கினால் பெருங்காயம் ஆகும். ஆகவே வெளியிடத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகளையே பயன்படுத்துங்கள்.

மைதானத்துக்குப் போகும் நாளில் திறமை போதாது என்று கூச வேண்டியதில்லை. 2020 முதல் நடப்பில் உள்ள உலக ஹேண்டிகேப் முறை, அதாவது திறமைக்கு ஏற்ப அடிகளில் சலுகை தரும் முறை, புதியவருக்குப் பதினெட்டுக் குழிகளுக்கு 54 அடிகள் வரை சலுகை தருகிறது. அதாவது குழிக்கு மூன்று அடிகள் கூடுதல். பந்துகளையும் பழையதாகவே வாங்குங்கள். காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடங்கள்தான் அனுமதி என்பதால், புதுப் பந்தைப் புதரில் விட்டு வர மனம் வராது.

மார்கழிக் காலையில் முதல் ஆளாகப் போய்ப் புட்டிங் பழகும் புல்தரையில் நில்லுங்கள். பனி ஈரத்தில் பந்து உருண்டுபோன தடம் கோடாகத் தெரியும். அந்தக் கோடு வளையும் இடத்தைப் பார்த்துத் தரையின் சரிவைப் புரிந்துகொண்டு, வெயில் ஏறிக் கோடு மறைவதற்குள் இன்னொரு பந்தை உருட்டிப் பாருங்கள்.

வணக்கம்.