வேதியியல் டீச்சர் ஏன் வாசிக்கச் சொல்லித் தரணும்?

[திரையில்: இரண்டு வாக்கியங்கள், ஒன்றின் கீழ் ஒன்று]

இதை நிதானமா படிங்க.

"ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு."
"எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு."

முதல் வாக்கியம் சரி. எந்த எண்ணைச் சொன்னாலும் அதோட 1 கூட்டினா போதும், பெரிய எண் கிடைச்சிடும். ரெண்டாவது தப்பு, அப்படி ஒரு எண்ணே கிடையாது. ஆனா சொற்கள் கிட்டத்தட்ட அதேதான். கதைப் புத்தகத்தை மடமடன்னு படிச்சு முடிக்கிற பிள்ளைகூட இதை ஒரே ஓட்டத்துல படிச்சிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்கும். கதைக்கு அந்த ஓட்டம்தான் வேணும். கணக்குல அதே ஓட்டம் காலை வாரி விட்டுடும்.

இந்தப் பிள்ளையைப் பத்தி நாம வழக்கமா சொல்றது, "கணக்கு வரல." கணக்குப் புத்தகத்தைப் படிக்கிற விதம் வரலன்னு யாரும் சொல்றதில்லை. அப்படியே சொன்னாலும், அது மொழி ஆசிரியர் பாடுன்னு தள்ளி விட்டுடுவோம். அவங்க பாவம், கவிதையும் கட்டுரையும் நடத்துவாங்களா, கணக்கு வாக்கியத்தைப் பிரிச்சுக் காட்டுவாங்களா?

[திரையில்: "பாடம்சார் எழுத்தறிவு"]

ஒவ்வொரு பாடத்துக்கும் தனி வாசிப்பு, தனி எழுத்து இருக்கு. அதை அந்தந்த ஆசிரியர்தான் கற்பிக்கணும். இதுக்குப் பேர் பாடம்சார் எழுத்தறிவு. எல்லா ஆசிரியர்களுக்கும் மொழிப் பொறுப்பு உண்டுங்கிற பேச்சு ரொம்பப் பழசு. இங்கிலாந்துல 1975-லயே, மொழி கற்பிக்கிறதைப் பத்தி அரசுக் குழு கொடுத்த புல்லக் அறிக்கை இதை அழுத்தமா சொல்லிடுச்சு. ஆனா பள்ளிகள்ல அது அவ்வளவா எடுபடல. காரணம் எனக்குப் புரியுது. முக்கியமானதை அடிக்கோடு போடு, தெரியாத சொல்லை ஊகி, கடைசியில சுருக்கி எழுதுன்னு எல்லாப் பாடத்துக்கும் ஒரே உத்திகளைக் கொடுத்தாங்க. வேதியியல் ஆசிரியருக்கு அது தன் பாடத்தோட ஒட்டாத கூடுதல் சுமையாத்தான் தெரிஞ்சது. அவங்களைக் குறை சொல்ல முடியாது.

2008-ல டிமதி ஷானஹன், சிந்தியா ஷானஹன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வேற பக்கம் போனாங்க. கணிதவியலாளர், வேதியியலாளர், வரலாற்றாய்வாளர்னு நிபுணர்களைக் கூப்பிட்டு, உங்க துறை எழுத்தைப் படிங்க, படிக்கும்போது மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லுங்கன்னாங்க. மூணு துறைக்காரங்களும் மூணு விதமா படிச்சாங்க. கணிதக்காரர் திரும்பத் திரும்ப, சொல் சொல்லா படிக்கிறார். ஒரு சின்ன இணைப்புச் சொல்கூட அவருக்கு முக்கியம். எழுதினது யாருன்னு கவலைப்படுறதில்லை. வேதியியல்காரர் கண் ஒரு இடத்துல நிக்காது. பத்தி, படம், சமன்பாடுன்னு தாவிக்கிட்டே இருக்கும். வரலாற்றுக்காரர் உள்ளே போறதுக்கு முன்னாடியே கேட்கிறது: இதை எழுதினது யார்?

[திரையில்: லெக்சிங்டன், 19 ஏப்ரல் 1775]

வரலாற்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க்கோட ஆய்வு, 1991-ல வெளியானது. 8 வரலாற்றாய்வாளர்கள், 8 பள்ளி மாணவர்கள். மாணவர்கள் யாரும் சாதாரணம் இல்லை, நல்லா படிக்கிறவங்க. ஆய்வாளர்கள்ல சிலருக்கு அமெரிக்க வரலாறே துறை கிடையாது. எல்லார் கையிலயும் அதே ஆவணங்கள்: அமெரிக்க விடுதலைப் போரோட முதல் மோதல்ல, லெக்சிங்டன்ல, என்ன நடந்ததுங்கிறதைப் பத்தி. முதல்ல சுட்டது யாருங்கிறது இன்னைக்கும் தீராத கேள்வி.

அந்த ஆவணங்கள்ல அமெரிக்கத் தரப்பு உள்ளூர்ப் படையினர் 34 பேர் சேர்ந்து கொடுத்த வாக்குமூலம் ஒண்ணு இருக்கு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருத்தரோட நாட்குறிப்பும் இருக்கு. மாணவர் என்ன பண்றார்? மேலிருந்து கீழ வரைக்கும் படிச்சு, தகவலை எடுத்துக்கிட்டு, அடுத்த தாளுக்குப் போயிடறார். ஆய்வாளரோட கண் முதல்ல தாளோட அடியில யார், எப்போன்னு தேடுது. ஏப்ரல் 25-ஆ? மோதல் நடந்து ஆறே நாள். இத்தனை பேர் ஒரே குரல்ல, நீதிபதி முன்னாடி சத்தியம் பண்ணி எதுக்குச் சொல்லணும்? யார் காதுல விழறதுக்காக? கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நாட்கள்ல எடுத்த வாக்குமூலங்களை அமெரிக்கத் தரப்பினர், பிரிட்டிஷ் தளபதியோட அறிக்கை போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, கப்பல்ல லண்டனுக்கு அனுப்பி வச்சாங்க.

அந்த ஆவணக் கட்டுல பாடநூல் பகுதியும் ஒண்ணு இருந்தது. எது எவ்வளவு நம்பகமானதுன்னு வரிசைப்படுத்தச் சொன்னப்போ, மாணவர்கள் அதை மேல வச்சாங்க. ஆய்வாளர்கள் கீழ தள்ளினாங்க. பாடநூல்ல "நான்" கிடையாது, தேதி கிடையாது, தயக்கம் கிடையாது. மாணவருக்கு அது நம்பிக்கை தருது, ஆய்வாளருக்கு அதுதான் உறுத்துது. தகவல் அறிவுல பெரிய வித்தியாசம் இல்லாத இடத்துலகூட வாசிப்பு இப்படிப் பிரியுதுன்னா, இன்னும் நாலு தேதியை மனப்பாடம் பண்ண வச்சு அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

[திரையில்: ஆய்வகக் குறிப்பேட்டின் ஒரு பக்கம்]

இப்போ எழுத்து. ஐஸ் போட்ட தண்ணியில தெர்மாமீட்டர் 0 டிகிரி காட்டுது. உப்பு போட்டுக் கலக்கினா மைனஸ் 8-க்கு இறங்குது. ஒரு மாணவி எழுதறதா வச்சுக்குங்க:

"நாங்கள் ஐஸில் உப்பு போட்டோம். நன்றாகக் கலக்கினோம். ரொம்ப ஜில்லென்று ஆனது. சோதனை வெற்றி."

எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லை. மொழிக்கு மதிப்பெண் போட்டுட்டுப் போயிடலாம். ஆனா இது அறிவியல் எழுத்து இல்லை, நாட்குறிப்பு. ஆசிரியர் மூணு கேள்வி கேட்கிறார். என்ன சொல்ல வர்றே? எதை வச்சு சொல்றே? அந்த அளவு ஏன் நீ சொல்றதை ஆதரிக்குது? முதல் ரெண்டையும் பிள்ளைங்க சமாளிச்சுடுவாங்க. மூணாவதுலதான் பேனா நின்னுடும். அங்கதான் பாடமே இருக்கு. ரெண்டு மூணு தடவை திருத்தின பிறகு:

"உப்பு சேர்த்ததும் கலவையின் வெப்பநிலை 0 டிகிரியிலிருந்து மைனஸ் 8 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. உப்பு, நீரின் உறைநிலையைக் குறைக்கிறது. எனவே 0 டிகிரிக்குக் கீழும் ஐஸ் உருகுகிறது. உருகத் தேவையான வெப்பத்தைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கலவை குளிர்கிறது."

"ஜில்" போய் எண் வந்திருக்கு. "வெற்றி" போய் காரணம் வந்திருக்கு. "உருகத் தேவையான வெப்பம்"னு எழுதணும்னா அந்த வெப்பம் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சே ஆகணும். இயற்பியல் புரிஞ்ச பிறகு எழுத்தைப் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுறவங்க இந்த வாக்கியத்தைக் கவனிக்கணும்.

மொழியியலாளர் ஹாலிடே காட்டின இன்னொரு விஷயம்: அறிவியல் எழுத்து, நடக்கிற செயலைப் பெயராக்கிடும். "தண்ணி ஆவியாகுது"ன்னு பேசுவோம். புத்தகத்துல "ஆவியாதலின் வேகம் பரப்பளவைப் பொறுத்தது"ன்னு இருக்கும். செயல் ஒரு பொருள் மாதிரி ஆனாத்தான் அதை அளக்கலாம், ஒப்பிடலாம். பிள்ளைக்கு அந்த வாக்கியம் இறுகிப்போய்த் தெரியும். வகுப்புல அதைப் பேச்சுக்கு மாத்தி, மறுபடி புத்தக நடைக்குக் கட்டிக் காட்டணும்.

[திரையில்: கரும்பலகை முன் ஆசிரியர், கையில் பாடநூல்]

சரி, வகுப்புல எப்படிச் செய்யறது? சுவர்ல கலைச்சொல் அட்டை ஒட்டறதுல கெடுதல் இல்லை, ஆனா அதோட திருப்திப்பட்டுக்காதீங்க. பலன் தர்றது, ஆசிரியர் தன் வாசிப்பை வெளிய காட்டறது. ஒரு பத்தியை எடுத்து, பிள்ளைங்க முன்னாடியே சத்தமா படிங்க, நடுவுல நிறுத்துங்க. "இங்க 'எனில்'னு வந்திருக்கு, அப்போ நிபந்தனை எது? மறுபடி முதல்லேர்ந்து பார்க்கிறேன்." "இந்த வரைபடத்துல கிடைமட்ட அச்சு என்னன்னு பார்க்காம பத்திக்குப் போக மாட்டேன்." உங்களுக்குப் பழகிப் போனதால கண்ணுக்கே தெரியாத வேலை இது. பிள்ளைங்க இதை முதல் தடவையா பார்க்கிறாங்க.

எழுத்துக்கு ஆஸ்திரேலிய வகுப்பறைகள்ல வளர்ந்த ஒரு முறை நல்லாவே உதவும். முதல்ல நல்ல மாதிரி ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கறது. அப்புறம் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து பலகையில ஒண்ணு எழுதறது. அதுக்கப்புறம்தான் தனியா. நடுவுல இருக்கிற அந்தக் கூட்டு எழுத்தைத்தான் நேரம் இல்லைன்னு விட்டுடறாங்க. அதை விட்டா மத்த ரெண்டும் தேர்வு மாதிரி ஆயிடும்.

"நான் சொல்ல வருவது", "இதற்குச் சான்று"ன்னு தொடக்க வரிகள் கொடுத்தா, அதை எப்போ எடுக்கணும்னும் முன்கூட்டியே முடிவு பண்ணிக்குங்க. எடுக்காம விட்டா, முப்பது குறிப்பேட்டுலயும் ஒரே கட்டுரை வரும்.

திருத்தும்போது அறிவியல் ஆசிரியர் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை செலவழிக்க வேண்டாம். அந்த மூணாவது கேள்விக்குப் பதில் இருக்கான்னு பாருங்க. இல்லாத இடத்துல "ஏன்?"னு ஒரு சொல் எழுதி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுங்க.