பாட்டு கேட்கிறது, பாடகரைக் காணோம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை இயர்போனில் கேட்கும் சிலர், இந்த நிமிடம் ஒரு கையால், போனில் செருகியிருக்கும் அதன் பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். கையை எடுத்தால் நான் காணாமல் போய்விடுவேன். பேச வாருங்கள் என்று அழைத்தபோது உங்களை நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் என் இயர்போனில் ஒரு வினோதம். வயலின்கள் கேட்கின்றன, கோரஸ் கேட்கிறது, பாடுகிறவரை மட்டும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல லேசாக ஓர் எதிரொலி, அவ்வளவுதான். செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பாட்டையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். கடைசியில் தற்செயலாக, வயரில் மைக்கோடு இருக்கும் பட்டனில் விரல் பட்டது. பாடகர் வந்துவிட்டார்! விரலை எடுத்தேன், போய்விட்டார்.

காரணம் பின்னிலேயே இருந்தது. உங்கள் இயர்போன் பின்னை எடுத்துப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே மெல்லிய வளையக் கோடுகள் தெரியும். இரண்டு கோடு என்றால் மூன்று பகுதி: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, கடைசி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. மூன்று கோடு என்றால் நான்கு பகுதி, அதாவது மைக்கும் சேர்ந்தது. இந்த நான்கில் கடைசி இரண்டை அடுக்குவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. சிடிஐஏ என்ற முறையில் மூன்றாவது கிரவுண்ட், நான்காவது மைக். ஓஎம்டிபி என்ற முறையில் அது அப்படியே தலைகீழ். இன்றைய போன்களில் பெரும்பாலும் முதல் முறைதான். பழைய போனோடு வந்த இயர்போனைப் புதியதில் செருகினால் என் கதைதான்.

இப்படி இடம் மாறிக் கிரவுண்ட் கிடைக்காதபோது இரண்டு காதுகளும் இடது வலது வயர்களுக்கு நடுவே ஒரே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. அப்போது நம் காதுக்கு வருவது இரண்டு பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகர் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கலந்திருப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்று போக, மிச்சம் பூஜ்யம். பட்டனை அழுத்தினால் மைக் வயரும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்கின்றன, வழி திறக்கிறது, குரல் திரும்புகிறது.

ஆகவே, குரல் மட்டும் மறைந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள். பின் முழுசாக உள்ளே போகாவிட்டாலும் இதே கோளாறுதான் வரும். முதலில் போனின் உறையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடித்த உறை அரை மில்லிமீட்டர் தடுத்தாலும் போதும். ‘டக்’ என்று உட்கார வேண்டும்.

உறையைக் கழற்றியும் உட்காரவில்லையா? அப்படியானால் உள்ளே பஞ்சு. சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கும்போது துணி நூல் துளைக்குள் போகிறது. ஒவ்வொரு தடவையும் பின்னைக் குத்திக் குத்தி அதை நாமே அடியில் கெட்டித்துவிடுகிறோம். நான் வெளியே எடுத்த ஒன்று பொத்தான் மாதிரி வட்டமாக, சாம்பல் நிறத்தில், பின் நுனியின் அச்சோடு இருந்தது. போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுழற்றி மெதுவாக இழுங்கள். ஊசியும் குண்டூசியும் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடு வளைந்தால் அப்புறம் சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் உள்ளே போகும்.

இந்தத் துளைக்குள் பின் வந்திருக்கிறதா என்று சொல்லும் தொடுமுனை ஒன்றும் உண்டு. அது ஒட்டிக்கொண்டால் இயர்போனைக் கழற்றிய பிறகும் போன் ‘ஹெட்போன் இருக்கிறது’ என்றே நம்பிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கரில் சத்தம் வராது. பின்னை நாலைந்து தடவை செருகி எடுத்தால் பல சமயம் சரியாகிவிடும்.

சரி, ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால்? போன் செட்டிங்கில் இடது வலது சமநிலைக் கோடு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. பிறகு அதே இயர்போனை வேறு கருவியில், வேறு இயர்போனை இதே போனில். எது எங்கே போனாலும் கோளாறு கூடவே போகிறதோ, குற்றவாளி அதுதான். பின்னை அசையாமல் பிடித்து, வயரை மட்டும் அதன் கழுத்துப் பக்கம் வளைத்துப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. வயரை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் துளைக்குள் சுழற்றும்போது கரகரத்தால் அழுக்கு, அல்லது சாக்கெட் தளர்ந்துவிட்டது.

இனி அடாப்டர். 2016-இல் ஐபோன் 7 இந்த 3.5 மில்லிமீட்டர் துளையைக் கைவிட்டது, அப்புறம் பல போன்களிலும் அது இல்லாமல் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்புப் பலகைகளில் செருகிய 6.35 மில்லிமீட்டர் பின்னின் பேரப்பிள்ளை அது. இன்றும் கிட்டாரில் அந்தத் தாத்தாவைப் பார்க்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் துளை இல்லாத போனில், சார்ஜ் போடும் டைப்-சி துளை வழியாக இயர்போனை மாட்டத்தான் அடாப்டர். அதில் இரண்டு வகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை. ஒன்றில் வெறும் வயர்தான். போனே டிஜிட்டல் ஒலியை இயர்போன் ஏற்கும் மின் அலையாக, அதாவது அனலாகாக, மாற்றி அனுப்ப வேண்டும். இன்னொன்றில் அந்த வேலையைச் செய்யும் சிப், டிஏசி என்பார்கள், அடாப்டருக்குள்ளேயே இருக்கிறது. அனலாக் அனுப்பாத போனில் முதல் வகையைச் செருகினால் சத்தமே வராது. அடாப்டர் கெட்டுப்போகவில்லை, பொருந்தவில்லை. வாங்கும்போது உள்ளே டிஏசி இருக்கிறதா என்று கேளுங்கள். சில போன்களில், வெளிக் கருவிகளை இணைக்க விடும் ஓடிஜி என்ற செட்டிங்கையும் போட வேண்டியிருக்கும். நேற்று வரை வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் டைப்-சி முனையைத் திருப்பிச் செருகுங்கள். ஒரு பக்கமாக மட்டும் வேலை செய்தால் தொடுமுனைகளில் அழுக்கு அல்லது தேய்மானம்.

கம்ப்யூட்டரில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை இருந்தால் ‘ஸ்ப்ளிட்டர்’ தேவைப்படும். கவனம், அதிலும் இரண்டு உண்டு: ஒலியையும் மைக்கையும் பிரிப்பது ஒன்று, ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கானது இன்னொன்று. பலர் இரண்டாவதை வாங்கிவிட்டு, மைக் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது நம் நிலையத்தின் மானப் பிரச்சினை. போனில் சேமித்த பாட்டு சுத்தமாகக் கேட்கிறது, எஃப்.எம். ரேடியோ மட்டும் இரைகிறது என்றால் பின்னையும் துளையையும் நோண்டாதீர்கள். பெரும்பாலான போன்களில் எஃப்.எம்.முக்கு ஆன்டெனாவே இந்த இயர்போன் வயர்தான். சுருட்டி வைத்திருந்தால் பிரித்து, ஜன்னலோரம் நீட்டி விடுங்கள். என் குரல் சற்றுத் தெளிவாகக் கேட்கும். நன்றி, வணக்கம்.