பெட்டியை அப்புறம் திறக்கலாம்

நடுவர் அவர்களே, எதிரணியில் ஆதாரங்களோடு அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இன்றைய தலைப்பு: ஒரு தந்தையின் வாழ்க்கையையும் குடும்ப வரலாற்றையும் காப்பது பெட்டியில் இருக்கும் தாள்களா, அவரிடம் கேட்டுப் பதிந்த பேச்சா? எதிரணித் தலைவர் தாள்களுக்காகப் பேசினார். நன்றாகவே பேசினார். "தாள் பொய் சொல்லாது" என்று மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் கைதட்டல் வாங்கினார்.

தாள் பொய் சொல்லாது என்பது இருக்கட்டும். தாளுக்கு யார் சொன்னது? பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பிறந்த தேதி, சேர்க்கை நாளில் கூடப் போன பெரியவர் வாயால் சொன்னது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால்தான் ஒரே மனிதரின் பெயர் மூன்று தாளில் மூன்று எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. முத்திரை குத்திய தாளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பேச்சுத்தான். ஒரே வேறுபாடு, அதைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

இன்னொன்று. தாள் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தின் தேவைக்குப் பிறந்தது. பணியில் சேர்ந்த நாள் இருக்கும், விலகிய நாள் இருக்கும். ஏன் விலகினார்? அந்தக் கட்டம் எந்தப் படிவத்திலும் அச்சடிக்கப்படவில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948இல் வாய்மொழி வரலாற்றுப் பதிவைத் தொடங்கிய ஆலன் நெவின்ஸ், தாள்களை மதிக்காதவர் அல்ல, தொழில்முறை வரலாற்றாசிரியர். தொலைபேசி வந்த பிறகு மனிதர்கள் கடிதமும் நாட்குறிப்பும் எழுதுவது குறைகிறது, நேரில் கேட்டுப் பதியாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் கவலை. கைபேசியில் பேசியே காலம் தள்ளிய அப்பாக்களுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் பெரிய ஆயுதத்தை எடுத்தார்: நினைவு நம்பத்தக்கதல்ல. ஆமாம். அவருக்குத் தோதாக நானே ஆதாரம் தருகிறேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. மறுநாளே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். 11 பேர் சொன்னது ஒரு விவரத்தில்கூடப் பழையதோடு ஒட்டவில்லை. ஆய்வை நடத்திய உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் 1992இல் இதை வெளியிட்டார்கள். தாங்களே முன்பு கையால் எழுதியதைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை!

எதிரணி மகிழ வேண்டாம். அந்த ஆய்வில் ஜெயித்தது எந்தத் தாள்? எந்த அலுவலகமும் தந்ததல்ல. ஒருவர் போய்க் கேட்டதால் பிறந்த பதில். கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் தாளே இல்லை. அதோடு, மாணவர்கள் தவறியது இரண்டரை ஆண்டில். தள்ளிப்போடுகிறவர்களுக்கு அது எச்சரிக்கை. கேட்பதற்கு எதிரான வாதம் அல்ல.

நினைவு தவறும் என்று தெரிந்த பிறகு, தவறாதபடி கேட்கும் முறை இருக்கிறதே! ஆண்டைக் கேட்காதீர்கள். "எந்த வருஷம்ப்பா?" என்றால் அவர் ஒரு வருஷத்தைச் சொல்லியே தீருவார், அப்பாக்களுக்குத் தெரியாது என்று சொல்லி வழக்கமில்லை. அதற்குப் பதில் முளை அடித்துக் கேளுங்கள். அக்கா கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா? அப்போது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள்? எத்தனாம் வகுப்பு? நிகழ்ச்சிகளின் வரிசை பெரும்பாலும் நிலைக்கும், எண்தான் நழுவும். வரிசை கையில் இருந்தால் எண்ணைப் பிறகு தாளில் பார்த்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு உங்கள் பெட்டி தேவைதான், மறுக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? நாற்பது கடந்தவர்களுக்குச் சுமார் பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவை மற்ற காலத்தைவிடக் கூடுதலாக நினைவில் நிற்கின்றன. உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த செய்தி இது. ஆகவே "பிறந்தது முதல் சொல்லுங்கள்" வேண்டாம். பத்து வயதில் இருந்த வீட்டின் வரைபடத்தை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எங்கே படுத்தார்கள், காலையில் முதலில் எழுந்தது யார். "உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்று நான்கு நொடியில் முடித்துவிடுவார். "யார் எங்கே படுத்தார்கள்" என்று கேட்டால், எந்தச் சித்தப்பா எப்போது வந்து சேர்ந்தார், யார் யாரோடு பேசாமல் இருந்தார் என்பது வரைக்கும் தானாக வரும்.

பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் நல்ல செய்தி அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். தவறாகச் சொன்னாலும் நடுவில் திருத்தாதீர்கள், குறித்துக்கொண்டு மறுநாள் கேளுங்கள். முதல் அமர்வில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாம். "அது அப்படியில்லை" என்று ஆரம்பித்தால் அப்பா எழுந்து போய்விடுவார். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். அப்போது அதே "அது அப்படியில்லை" பொன் போன்றது. நடுவர் அவர்களே, வீட்டுக்கு வீடு நடக்கும் உண்மையான பட்டிமன்றம் அதுதான்!

பதிவு என்றதும் பெரிய ஏற்பாடு என்று பயமுறுத்தினார்கள். ஒரு கைபேசி போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் பதிவு நின்றுவிடும். பேசுபவர் வாய்க்கு ஓர் அடி தொலைவில், மடித்த துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் அமைப்பு இருந்தால் அணையுங்கள், வயதானவரின் தாழ்ந்த குரலையும் இரைச்சல் என்று எண்ணி அது விழுங்கிவிடும். ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேதி, இடம், இருப்பவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். ஓர் அமர்வு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் அவர் களைப்பார், பதில்கள் குறுகும்.

பதிவுச் செயலியின் அமைப்பில் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 520 மெகாபைட். பத்து மணி நேரம் பதிந்தாலும் ஐந்தே கால் ஜிகாபைட்தான். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில். குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். குரல் செய்தியாகப் போவது சுருங்கிய நகல், கைபேசியை மாற்றும்போது அதுவும் போகலாம். மூலக் கோப்பை வெட்டவே வெட்டாதீர்கள், வெட்டுவதை நகலில் வெட்டுங்கள். வீட்டில் அப்பா குரலோடு பழைய ஒலிநாடா இருந்தால் முதலில் அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் ஒடித்துவிடுங்கள். அப்புறம் யாரும் அதன் மேல் தவறி வேறெதுவும் பதிய முடியாது. வேறெந்த வேலையும் அதற்குப் பிறகு.

"புகைப்படம் ஆயிரம் பேசும்" என்றார் மூன்றாம் பேச்சாளர். ஒரு குழுப்படம், பன்னிரண்டு முகம், பின்பக்கம் வெறுமை. அது என்ன பேசும்? அந்தப் பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் அது குடும்பப் படம். ஆகவே படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், வருடுங்கள் (ஸ்கேன் செய்யுங்கள்), பின்பக்கத்தையும் சேர்த்து. எண் கொடுங்கள். பிறகு அப்பாவிடம் காட்டிப் பதியுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பா விரலை வைத்து "இதோ இவன்தான் அவன்" என்பார். ஒலிப்பதிவில் விரல் தெரியாது! நீங்கள் குரலால் சொல்ல வேண்டும்: "படம் 14, பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது, யாருப்பா?" படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில், விளிம்போரம். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பசைப்பக்க ஆல்பத்தில் இருப்பவற்றைப் பிய்க்காமல், முதலில் பக்கத்தோடு வருடிவிடுங்கள். பழைய பசை படத்தை விடாது.

வம்சவரைபடம் வரைந்து காட்டினார்கள், எண் முறையும் சொன்னார்கள்: நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, இரட்டித்ததோடு ஒன்று கூட்டினால் அம்மா. அருமையான முறை. ஆனால் அதில் உடன்பிறந்தவர்களுக்கு இடமே கிடையாது. பிறந்து தங்காமல் போன தம்பிக்கும், வீட்டை விட்டுப் போன பெரியப்பாவுக்கும் எண் இல்லை. பல வீடுகளில் அப்பாவின் வாழ்க்கை திரும்பிய இடத்தில் நின்றது அப்படி எண் இல்லாத ஒருவர்தான். கேட்டால் மட்டுமே வருவார். மென்மையாகக் கேளுங்கள், "இதைப் பதியாதே" என்றால் அவர் கண்முன்னே நிறுத்துங்கள். "நான் போன பிறகு வெளியிடு" என்றால் அந்த வாக்கியத்தையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

அப்பா இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவர் உடன்பிறந்தவர்களில் மூத்தவரிடம், உடல்நலம் குன்றியவரிடம் முதலில் போங்கள். வசதியாகப் பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் அல்ல. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அதே கேள்விகள். சேர்த்து உட்கார வைத்தால் உரக்கப் பேசுபவரின் கதையே எல்லோர் கதையாகிவிடும்.

கடைசியாக, "பத்து மணி நேரத்தை எவன் கேட்பான்?" என்று கிண்டல் செய்தார்கள். முழுவதையும் எழுத்தாக்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உட்கார வேண்டும், உண்மைதான். அதை முதலில் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: 00:05 பள்ளிக்கு நடந்த வழி, 00:10 தாத்தாவின் கடன், 00:15 அத்தை கோபித்துக்கொண்டு போனது. ஒரு மணிக்குப் பன்னிரண்டு வரி. பேரப்பிள்ளைக்கு அத்தை கோபித்துக்கொண்ட கதை மட்டும் வேண்டுமென்றால் பதினைந்தாம் நிமிடத்தில் அழுத்தினால் போதும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் எதிர்பார்த்து அமர்கிறேன், நன்றி, வணக்கம்.