அரை மயக்கத்தில் வலித்தால் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி ஆகிய பரிசோதனைகள் நடக்கும் அறையில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பரிசோதனைகளுக்கு வருகிறவர்களிடம், "ஊசி போட்டதும் தூங்கிவிடுவீர்கள், ஒன்றும் தெரியாது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. சிலருக்கு அப்படி நடப்பதில்லை. நடுவில் விழிப்பு இருக்கிறது, வலிக்கிறது, வெளியே வந்து சொன்னால் வீட்டாரும் நம்புவதில்லை. அந்தச் சிலருக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரிய அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம் வேறு, இங்கே கொடுக்கும் அரை மயக்கம் வேறு. அரை மயக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார், திரும்பிப் படுக்கச் சொன்னால் திரும்புவார், மூச்சைத் தாமாகவே விடுவார். ஆகவே இடையில் விழிப்பாக இருப்பதால் மட்டும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பொருளில்லை. இதை முன்னதாகச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. தூங்கிவிடுவோம் என்று நம்பிப் படுத்தவர், குழாய் உள்ளே நகர்வதை உணர்ந்ததும், மருந்து தனக்கு ஏறவேயில்லை என்று நடுங்கிப்போகிறார். அந்த நடுக்கத்தில் உடம்பு இறுகுகிறது, வலியும் கூடுகிறது.

வழக்கமாகப் போடும் மருந்துகளில் ஒன்று மிடாசோலம். அது அச்சத்தைத் தணிக்கும், கண்ணைச் சொக்கவைக்கும், நடப்பதை நினைவில் பதியவிடாமல் செய்யும். வலியைக் குறைக்கும் குணம் அதற்குக் கிடையாது. அதற்காகத்தான் ஃபெண்டானில் போன்ற வலிநீக்கி மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பரிசோதனை முழுவதும் முனகிக்கொண்டே இருந்தவர், முடிந்து உட்கார்ந்ததும், "எப்போது ஆரம்பிப்பீர்கள் சிஸ்டர்?" என்று கேட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்கு நினைவில்லை என்பது உண்மை. அதை வைத்து அவருக்கு வலிக்கவேயில்லை என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடிந்ததில்லை, ஏனென்றால் அந்த முனகலை நான் பக்கத்தில் நின்று கேட்டவள். மருந்து எல்லோருடைய நினைவையும் ஒரே அளவில் மறைப்பதுமில்லை. மறக்காதவர், அடுத்த முறை மருத்துவர் வரச் சொன்னாலும் வரமாட்டார். பெருங்குடலில் வளரும் சிறு கட்டிகளைப் புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்து எடுத்துவிட உதவும் பரிசோதனை கொலனோஸ்கோபி. அதற்கு ஒருவர் பயந்து வராமலிருப்பது சாதாரண இழப்பன்று.

கொலனோஸ்கோபியில் எங்கே வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளம். இடது அடிவயிற்றில் அது வளைந்து நெளிந்து போகும் இடத்தில் குழாய் சுருண்டு, குடலைத் தாங்கி நிற்கும் சவ்வை இழுக்கும்போதும், வழி தெரிவதற்காக ஊதும் காற்று குடலை உப்பவைக்கும்போதும் வலி எடுக்கும். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கும், ஒல்லியான பெண்களுக்கும் இந்த இடம் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்யும் ஓர் அம்மா இந்த வளைவில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், வவுறு புடுங்குதுங்க, முடியலைங்க" என்றார். மருத்துவர் உடனே கையை நிறுத்தினார். உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, குழாயைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நேராக்கினார். நான் அந்த அம்மாவை மல்லாத்திப் படுக்கவைத்து, அடிவயிற்றில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வலி மருந்து இன்னும் சிறிது ஏற்றி, அது வேலை செய்யச் சில நிமிடம் காத்திருந்தோம். அவர் பிடி தளர்ந்ததும்தான் மருத்துவர் தொடர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ" என்று சொல்லி, கையைப் பிடித்துவைத்துக்கொண்டே செய்து முடித்ததையும் பார்த்திருக்கிறேன். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும் நாளில் அந்த அவசரம் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைச் சரியென்று சொல்ல எனக்கு மனம் வராது. மருந்தைக் கேட்கக் கேட்கக் கூட்டிக்கொண்டே போக முடியாது என்பதும் உண்மைதான். மூச்சு மந்தமாகி, விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும்; வயதானவர்களுக்கு அது சீக்கிரம் நேரும். மருந்தைக் கூட்ட வழியில்லாதபோது நிறுத்தலாம், காற்றைக் குறைக்கலாம், பரிசோதனையை அன்று கைவிட்டு, மயக்க மருத்துவர் உடனிருக்க இன்னொரு நாள் செய்யலாம்.

போகிறவர்கள் படுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். எந்த மருந்து, வலிக்கான மருந்தும் சேர்த்தா, நான் விழிப்பாக இருப்பேனா என்று கேளுங்கள். தினமும் மது குடிப்பவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும், வழக்கமான அளவு அவர்களுக்குப் போதாமல் போகலாம். வீட்டார் முன்னால் சொல்ல முடியாவிட்டால் செவிலியரிடம் தனியாகச் சொல்லுங்கள். உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் சொல்ல வேண்டும். வாய் வழியாகக் குழாய் விடும்போது பேச முடியாது. ஆகவே, "கை தூக்கினால் நிறுத்துவீர்களா?" என்று கேட்டு, எந்தக் கை என்பதையும் முடிவு செய்துகொண்டு படுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேதி மருந்து குடித்த வயிற்றோடு, விடியற்காலைப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வருவது பெரும் துன்பம். முடிந்தால் முதல் நாளே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். பரிசோதனைக்குப் பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மலைப்பாதையில் அறவே கூடாது. துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

வலித்திருந்தால், வீடு திரும்பும் முன் அதைச் சொல்லி, எந்த மருந்து எவ்வளவு போட்டார்கள், எந்த இடத்தில் வலித்தது என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.